பணிமூப்பில் முதல் ஆள்

எங்கள் அலுவலகத்தை மூடியது ஒரு பாலம். எண்ணூர்க் கழிமுகத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அரசுப் படகுகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சீட்டுக் கொடுக்கவும் படகுகளைப் பராமரிக்கவும் தண்ணீரோரமாக ஓடு வேய்ந்த ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. சின்னப் பெண்ணாக நான் அரசு வேலையில் சேர்ந்தது அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் உப்பங்கழி, இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மதியத்துக்குள் மேசைமேல் சாம்பல் மெல்லிசாகப் படிந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் பாலத்தைத் திறந்தார்கள். ஜனங்கள் நடந்தும் சைக்கிளிலும் போக ஆரம்பித்தார்கள். படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள். எங்களை உபரி ஊழியர்கள் என்று அறிவித்தார்கள்.

சில மாதங்கள் வேலையே இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். பிறகு அரசாணை வந்தது. எங்களை வேறொரு பெரிய துறை எடுத்துக்கொள்ளும், ராயபுரத்தில் இருக்கும் அதன் அலுவலகத்தில் போய்ச் சேர வேண்டும் என்று. ஆணையில் ஏழு பெயர்கள் இருந்தன. போய்ச் சேர்ந்தவர்கள் ஆறு பேர்.

வராதவருடைய பெயர்தான் வரிசையில் முதலில் இருந்தது. அவர் எங்களில் மூத்த உதவியாளர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். சர்க்கரை வியாதி எதுவும் இல்லாமலே டீயில் சர்க்கரை போடாமல் குடிப்பார்; கேட்டால், சர்க்கரை போட்டால் டீயைக் காணோம் என்பார். பாலம் திறப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அக்கரைக் கொட்டகையில் இருந்த சீட்டுக் கட்டுகளை எடுத்துவரப் படகில் ஏறினார். மழை தூறிக்கொண்டிருந்தது. பணிமூப்பில் அவருக்கு அடுத்தவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், தன் குடையைக் கொடுத்து அனுப்பினார். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பலகையில், குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நடுக்கழியில் மழை வலுத்தது. படகில் இருந்தவர்கள் பிளாஸ்டிக் தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். அக்கரை சேர்ந்து பார்த்தபோது பின்பலகையில் குடை இருந்தது, விரித்தபடியே. அவர் இல்லை. படகு ஒருமுறைகூடச் சாயவில்லை, தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை என்று படகோட்டி அழுதுகொண்டே சொன்னார். மீனவர்கள் முகத்துவாரம் வரைக்கும் தேடினார்கள். கழியில் போனவர்களைக் கழி இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடும் என்று அவர்கள் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். அது கொடுக்கவில்லை. போலீஸ் பதிவில் காணவில்லை என்றுதான் எழுத முடிந்தது. அதனால் அவர் பெயர் எங்கள் வரிசையின் முதலிடத்திலேயே நின்றது. அரசாணையும் அவரையும் சேர்த்தே ராயபுரத்துக்கு அனுப்பிவைத்தது.

ராயபுரம் அலுவலகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். துறைமுக மதில் உயரமாக நின்று முன்பக்க ஜன்னல்களை மறைத்துக்கொண்டிருக்கும். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கண்ணாடிகள் கடகடவென்று ஆடும். எங்களுக்கு மாடியில் பின்கூடத்தைக் கொடுத்தார்கள். ஆணையில் ஏழு பெயர் என்பதால் ஏழு மேசை, ஏழு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜன்னலோரமாக, கடைசியில் இருந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. அதை எடுத்துவிடும்படி யாரும் சொல்லவுமில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்துக்காரர். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல உயரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கறாரான பேச்சு. எங்களுக்கெல்லாம் அவர்தான் விதிமுறை. இருபது வருஷத்துக்கும் மேலான சர்வீஸ் அவருக்கு. வேலை தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டதில் முதல் வாரம் சந்தோஷமாக இருந்தார்.

அடுத்த வாரம் அங்கிருந்த கண்காணிப்பாளர் எங்களைக் கூப்பிட்டு, பணிமூப்பு வரிசையைப் படித்துக் காட்டினார். துறையின் பழைய ஆள்கள், போன வருஷம் தேர்வெழுதி வந்தவர்கள், எல்லோருக்கும் கீழே நாங்கள். பழைய அலுவலகத்தில் வேலை பார்த்த வருஷங்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உண்டு, பணிமூப்புக்குக் கிடையாது என்றார். அக்கா ஏன் என்று கேட்டார். அந்த மனிதர் கெட்டவரில்லை. புரியவைப்பதாக நினைத்துத்தான் சொன்னார்.

"இந்த டிபார்ட்மெண்டைப் பொறுத்தவரைக்கும் நீங்க எல்லாரும் போன மாசம் பொறந்தவங்கம்மா."

அன்று சாயங்காலம் என்னை ரயிலேற்றிவிட அக்கா நிலையம் வரைக்கும் நடந்து வந்தார். நான் திருவொற்றியூர் போக வேண்டும். ரயில் வரும்வரை நடைமேடையில் என்னோடு நின்றார். அத்தனை வருஷமும் எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்டால் தான் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பதில் தெரிந்தால் தேவலை என்பதுபோலக் கேட்டார்.

அதற்கப்புறம் அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் முன்னால் நின்றது ஓர் இளைஞர். வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து வருபவர், நேரடியாகத் தேர்வு எழுதி உதவியாளர் ஆனவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த வீட்டில் மாதச் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். நாங்கள் மேலே போனால் அவருடைய பதவி உயர்வு பத்து வருஷம் தள்ளிப்போகும். அக்காவிடமே நேராக வந்து சொன்னார்.

"மேடம், நான் பரீட்சை எழுதி வந்தவன். நீங்க படகுல வந்து எறங்குனவங்க. எறங்குன எடத்துலேர்ந்துதான் எண்ணணும்."

அக்கா முகம் கறுத்தது. ஆனால் அந்தப் பையன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எங்களுக்கு எரிச்சல். ஒருவரோடு ஒருவர் பேச்சு நின்றது. கோப்புகளைக் கூடத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். சாப்பாட்டு அறையில் நாங்கள் நுழைந்தால் பேச்சு அடங்கிவிடும். வருகைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போகும், கூட்டத்துக்குக் கூப்பிட மறந்துபோகும். வேண்டுமென்றே செய்தார்களா என்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் எங்களைப் பார்க்காமலே கடந்துபோகப் பழகிவிட்டார்கள். படியில் எதிரே வருபவர் நம்மேல் இடிக்காமல் விலகுவார், கண் மட்டும் நமக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும். நான் சில நாள் கழிப்பறைக் கண்ணாடியில் என் முகத்தைச் சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் டீ விஷயம் நடந்தது. எங்கள் கூடத்துக்குப் புதிதாக ஓர் அலுவலக உதவியாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண், வேறொரு அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், எங்கள் சண்டை எதுவும் தெரியாதவர். முதல் நாள் மதியம் டீ வாங்கிவந்து ஒவ்வொரு மேசையாக வைத்தார். கடைசியில் ஜன்னலோர மேசைக்குப் போய் அங்கேயும் ஒரு தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

அக்கா அவரைக் கூப்பிட்டு, அது யாருக்கு என்று கேட்டார்.

"அந்தக் கடேசி டேபிள்ல ஒரு சாரு கீறாரே, அவருக்குத்தான். சக்கரை போடாம வாங்கினு வரச் சொன்னாரு."

லாரி ஒன்று போனது, கண்ணாடிகள் ஆடி ஓய்ந்தன. அவர் எப்படி இருந்தார் என்று அக்கா கேட்டார். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தது, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார் என்றார் அந்தப் பெண். எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்கும் பயம் வந்துவிட்டது. அக்கா எழுந்து போய் அந்தத் தம்ளரை எடுத்தார். நின்றபடியே முழு டீயையும் குடித்தார். சர்க்கரை இல்லை என்று மட்டும் சொன்னார்.

எங்களில் ஒருவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து எங்களைக் கேலி செய்கிறார்கள் என்று கத்திக்கொண்டே முன்கூடத்துக்குப் போய் அந்த இளைஞரின் சட்டையைப் பிடித்துவிட்டார். விலக்கிவிடப் பின்னாலேயே ஓடினேன். இளைஞர் திமிறவில்லை. தன் அம்மாமேல் சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார். பிறகு மெதுவாக, "அவரு டீ எப்டிக் குடிப்பாருன்னு எனக்கு எப்டி சார் தெரியும்?" என்று கேட்டார்.

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. அவர் சொன்னது சரி. அந்தக் கட்டடத்துக்குள் வந்த பிறகு நாங்கள் யாரும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் கூடத்துக்கு யாரும் அநாவசியமாக வருவதில்லை. டீ கொண்டுவந்த அந்தப் பெண் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஜன்னலோர மேசைக்குக் கீழே தரையில் ஈரம் பூத்திருந்தது. கடற்கரைக் கட்டடம், எல்லாச் சுவரிலும்தான் உப்புப் பூத்திருந்தது, அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்களோடு அங்கே உட்கார நேர்ந்த ஒரே ஆள் அந்த இளைஞர்தான். முன்கூடத்தில் மேல்தளக் காரை பெயர்ந்து விழுந்ததால், இருப்பவர்களில் சின்னவர் என்று அவரை எங்கள் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காலி மேசைக்கு அடுத்த இடம். அவர் நாற்காலி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்து வருவதைக் கவனித்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"மேடம், அவரு நல்லவரா?"

நல்லவர்தான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் நாற்காலி நகரவில்லை.

பணிமூப்புக்காகத் தீர்ப்பாயம் போவது என்று முடிவு செய்தோம். எங்கள் வக்கீல், ஏழு பேரும் சேர்ந்து மனுப்போட்டால் நல்லது, முதல் ஆள் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்றார். காணாமல் போனவர் சார்பாக அவர் மனைவியிடம் கையெழுத்து வாங்கிப் பார்க்கச் சொன்னார். அக்காவும் நானும் எண்ணூருக்குப் போனோம். வெயில் சுள்ளென்று இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்து வெயிலுக்கு நிறம் கிடையாது, சாம்பல் கலந்து வெளுத்திருக்கும்.

வரிசை வீடுகளில் ஒன்று. அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் ஆண் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பாயை விரித்தார். அக்கா தயங்கித் தயங்கி மனு விஷயத்தைச் சொன்னார்.

"அவரு ஆபீஸ் போயிருக்காரேக்கா," என்றார் அந்த அம்மா.

அந்த அம்மா சட்டையை மடித்துக்கொண்டே, சாதாரணமாக, பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனார்.

"அங்க மூடிட்டாங்கன்னதும் கொஞ்ச நாளு இங்கியே சுத்திகினு இருந்தாரு. கரையில போயி நின்னுகினே இருப்பாரு. நான்தான் சொன்னேன், எல்லாரையும் ராயபுரத்துக்கு மாத்திட்டாங்க, நீயும் போன்னு. அதுலேர்ந்து ஒழுங்காப் போறாரு. உங்க கூடத்தான உக்காந்துகினு கீறாரு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா. ஜன்னலோர மேஜை அவருது."

கையெழுத்து வாங்க முடியவில்லை. அவருடைய கையெழுத்தை அவர்தானே போட வேண்டும், ஆபீசிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சிரித்தார். காபி கொடுத்தார். புறப்படும்போது, அவர் இப்போதெல்லாம் வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது, ஆபீசில் ஏதும் தொந்தரவா என்று அக்காவிடம் தனியாகக் கேட்டார். தொந்தரவெல்லாம் இல்லை என்று அக்கா சொன்னார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். ஏன் ஆமாம் என்று சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்கு, அந்தப் பொம்பளையிடம் வேறு என்ன சொல்ல முடியும் என்றார். அது எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. ஆனால் என் நிலையம் வந்து நான் எழுந்தபோது, கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வெயில் சாயற நேரத்துல அந்த மேஜைப் பக்கம் திரும்பிப் பார்க்காதே."

நான் பார்த்ததில்லை. மூன்று மணிக்கு மேல் என் நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். கண்ணுக்கு வெளிச்சம் கூசுகிறது என்று காரணம் சொல்வேன். ஆனால் காது இருக்கிறதே. மழை நாள்களில் அந்தப் பக்கத்திலிருந்து நனைந்த துணியை உதறுவதுபோல ஒரு சத்தம் வரும். புறாக்கள்தான் என்று சொல்லிக்கொள்வேன். அந்தக் கட்டடத்தில் நிறையப் புறாக்கள் உண்டு.

வழக்கு இழுத்து இழுத்து, ஆறு பேர் மனுவிலேயே தீர்ந்தது. ஆணையில் இருந்த எல்லோருக்கும் பழைய சர்வீசையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எங்கள் கூடத்தில் லட்டுக் கொடுத்தோம். இளைஞர் லட்டை வாங்கிக்கொள்ளவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா அப்போது படுக்கையில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போக, அந்த இடம் காலியானது. புதிய வரிசைப்படி முதல் ஆள் காணாமல் போனவர். இரண்டாவது அக்கா. முதல் ஆளைத் தாண்டி இரண்டாவது ஆளுக்குக் கொடுக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். மனைவி எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். சட்டப்படி இறந்தவர் என்று கொள்ள இன்னும் வருஷங்கள் ஆகவேண்டும். மேலதிகாரி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குக் குடை கொடுத்து அனுப்பியவர் அக்காதான் என்று போலீஸ் பதிவிலேயே இருக்கிறது. அன்றையிலிருந்து அவரைப் பார்க்கவில்லை என்று அக்கா ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். தானே எழுதி வைத்திருந்த தாளை அக்காவுக்கு முன்னால் நகர்த்தினார். நானும் ஒரு கோப்போடு அந்த அறையில் நின்றிருந்தேன்.

அக்கா படித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"சார், அவர் படகுல ஏறினதை நான் பார்த்தேன். எறங்காததை நான் பார்க்கலை," என்றார். அதிகாரி அதுவும் சரிதான், அதற்குத்தான் இந்த வரி என்றார். அக்கா தாளைத் திருப்பி நகர்த்தினார்.

"அன்னையிலேர்ந்து பார்க்கலைன்னு என்னால எழுத முடியாது சார்."

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்தோம். படியிறங்கும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அதுவரை அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

அந்த இடம் நிரப்பப்படாமல் கிடந்தது. அக்கா நகர்ந்தால்தான் கீழே இருக்கிற நாங்கள் நகர முடியும். நாங்கள் நகர்ந்தால்தான் எங்களுக்குக் கீழே இருக்கிற இளைஞர் நகர முடியும். அதனால் இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அக்காவை வைதன. வயசாகிவிட்டது, தனியாக இருந்து இருந்து மூளை கலங்கிவிட்டது என்றார்கள். எனக்கும் கோபம்தான். ஒரு வரி. அதை எழுதினால் என்ன கெட்டுப்போகும் என்று நானே அவரிடம் சண்டை போட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். கல்லறைத் திருநாள் வந்தது. அக்கா தன் அப்பா அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். சாருக்கும் ஒன்று ஏற்றியிருக்கலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஏற்றுவதில்லை என்றார் அக்கா.

இதையெல்லாம் கடைசியில் தீர்த்து வைத்தது காணாமல் போனவருடைய வயது. சம்பளப் பிரிவில் யாரோ கவனித்தார்கள், அந்த மாதக் கடைசியோடு அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அரசு ஊழியர் எங்கே இருந்தாலும், இல்லாவிட்டாலும், அன்று ஓய்வு பெற்றுவிடுகிறார். பெயர் தானாகக் கழன்றுவிடும். மேலதிகாரி பெருமூச்சு விட்டார்.

மாதத்தின் கடைசி வேலை நாள். பிற்பகல், வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். படியில் காலடி கேட்டது. காணாமல் போனவருடைய மனைவி பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகையோடு, ஒரு ஸ்வீட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் வாசலில் நின்றார். எல்லோரும் எழுந்துவிட்டோம்.

"இன்னிக்கி அவருக்கு ரிட்டேரு. இட்டுகினு போவ வந்தேன்," என்றார்.

யாரையும் கேட்காமல் நேராகக் கடைசி மேசைக்குப் போனார். ஜன்னலோர மேஜை என்று அக்கா சொன்னது அவருக்கு நினைவிருக்கும், அவ்வளவுதான். மேசைக்கு முன்னால் நின்று, தணிந்த குரலில், முடிஞ்சிதா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருப்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். லாரிகள் ஓடுகிற தெருவில் அந்த நேரம் ஏனோ ஒரு சத்தமும் இல்லை.

முதலில் அசைந்தது அந்த இளைஞர்தான். போய், அந்தக் காலி நாற்காலியை, பெரியவர்கள் எழுந்திருக்கும்போது இழுத்துவிடுவதுபோலப் பின்னால் இழுத்துவிட்டார். பிறகு கீழே ஓடி, கோயில் வாசல் பூக்கடையிலிருந்து ஒரு மாலையோடு வந்தார். வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட வேண்டும். வெறும் நாற்காலிக்கு மாலை போட்டால் அதற்கு வேறு அர்த்தம். மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

"அவரு மாலையெல்லாம் போட்டுக்க மாட்டாரு. என்கிட்ட குடு நைனா," என்று அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.

வழியனுப்பும்போது யாராவது இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். அக்கா முன்னால் வந்தார். நான் பார்க்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்த திசையைப் பார்த்து, நிமிர்ந்து நின்று பேசினார்.

"சார், இன்னைக்கு வரைக்கும் நீங்கதான் எனக்கு சீனியர். போயிட்டு வாங்க."

ஓய்வு பெற்றவரை அலுவலகத்தார் வீடு வரை கொண்டுவிடுவதும் வழக்கம். அக்கா என்னைப் போகச் சொன்னார். இளைஞர் ஆட்டோ பிடித்து நிறுத்தியிருந்தார். அந்த அம்மா ஏறி வலது ஓரத்தில் உட்கார்ந்து, மாலையையும் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் இடது ஓரத்தில் ஏறினேன். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ வளைந்து வளைந்து போனது. அந்தக் காலத்து எண்ணூர் சாலையில் பள்ளம் இல்லாத இடம் கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒடுக்கி, நடு இடத்தின்மேல் படாமல் உட்கார்ந்திருந்தேன். திருவொற்றியூர் தாண்டி ஒரு பெரிய பள்ளத்தில் ஆட்டோ இறங்கி வலப்பக்கம் அடியோடு சாய்ந்தது. பிடி நழுவிவிட்டது. நான் அந்தப் பக்கம் சரிந்து போய் அந்த அம்மாவின்மேல் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. என் தோள் எதன்மேலோ சாய்ந்து நின்றதுபோல நின்றேன். ஆட்டோ நிமிர்ந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என் புடவையின் அந்தப் பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டு வாசலில் அந்த அம்மா இறங்கி, யாரோ இறங்கக் காத்திருப்பதுபோல ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். ஸ்வீட் டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"நீ கெளம்புமா. இனிமே அவரு எங்கியும் போவ மாட்டாரு."

அடுத்த மாதம் அந்த அம்மா தானாகவே அலுவலகத்துக்கு வந்து, கேட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொட்டோடும் பூவோடும்தான் வந்தார். அக்கா கண்காணிப்பாளர் ஆனார். இரண்டு வருஷத்துக்கும் குறைவாகத்தான் அந்த நாற்காலியில் இருந்தார். எங்களையெல்லாம் நன்றாக வேலை வாங்கினார். இளைஞரின் அப்பா இறந்தபோது வியாசர்பாடிக்கு எங்களை அழைத்துப் போய்க் கடைசிவரைக்கும் நின்றவர் அவர்தான். அவர் ஓய்வு பெற்றபோது, பக்கத்துத் தெரு வீட்டுக்கு மேளத்தோடு கூட்டிக்கொண்டு போனவர் அந்த இளைஞர். ஜன்னலோர மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நல்ல வெளிச்சமான இடம் என்று சந்தோஷப்பட்டாள்.

அக்கா ஓய்வு பெற்ற பிறகும் நான் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவதுண்டு. ஒருமுறை அவர் சமையற்கட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குள் கிடந்த கேள்வியை அன்று கேட்டுவிட வேண்டும் என்று போயிருந்தேன். அக்கா, நீங்கள் நிஜமாகவே, என்று ஆரம்பித்தேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்.

"கேளு. சொல்றேன். ஆனா கேட்டுட்டு நீ தனியா ரயிலேறி வீட்டுக்குப் போகணும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இறால் கிலோ என்ன விலை என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டு, காசிமேட்டு மீன்சந்தையில் அன்று வரத்து அதிகம் என்று சொன்னார். வறுத்ததில் பாதியை டப்பாவில் போட்டுக் கொடுத்தார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.